வெங்காயமும் கவுண்டர்-ஸ்ட்ரைக்கும்: ஒரு பந்தயம், இரண்டு சந்தைகள்



சூதைப் பற்றிப் பேச எழுந்தால் திருக்குறளின் 94ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குவது நம் மேடை மரபு. அடுத்து தருமர் வருவார், பகடை உருளும், அரங்கம் தலையாட்டும். இன்று அந்த இருவரையும் நான் தொந்தரவு செய்யப் போவதில்லை. வெங்காயத்திலிருந்து தொடங்குகிறேன்.

1955ஆம் ஆண்டு சிகாகோ மெர்கன்டைல் எக்ஸ்சேஞ்சில் வெங்காயத்துக்கு முன்பேர வணிகம் நடந்துகொண்டிருந்தது. வின்சென்ட் கொசூகா என்ற வெங்காய விவசாயியும் சாம் சீகல் என்ற வியாபாரியும் சேர்ந்து சிகாகோவில் இருந்த வெங்காயம் ஏறக்குறைய அத்தனையையும் வளைத்துப் பிடித்தார்கள். பிறகு, விலை விழுந்தால் தங்களுக்கு லாபம் வரும்படி முன்பேரத்தில் நின்றுகொண்டு, கையிருப்பைச் சந்தையில் கொட்டினார்கள். 1956 மார்ச் மாதம் 50 பவுண்டு மூட்டை 10 சென்ட்டுக்கு வந்துவிட்டது. உள்ளே இருந்த வெங்காயத்தைவிடச் சாக்குக்கு விலை அதிகம். நொடித்துப்போன விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். 1958இல் அமெரிக்க நாடாளுமன்றம் வெங்காய முன்பேரத்தையே தடைசெய்து சட்டம் போட்டது. அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. 2010இல் திரைப்பட வசூலையும் அதே தடைக்குள் கொண்டுவந்தார்கள்.

ஆக, இன்றைய அமெரிக்காவில் உரிமம் பெற்ற ஒரு முன்பேரச் சந்தையில் வெங்காய விலைமேல் ஒப்பந்தம் எழுத முடியாது. ஒரு படத்தின் முதல் வார வசூல்மேலும் எழுத முடியாது. ஆனால் கவுண்டர்-ஸ்ட்ரைக் என்ற கணினி விளையாட்டில் இரண்டு அணிகள் இன்றிரவு மோதும் ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பதன்மேல் எழுதலாம். எழுதுகிறார்கள், வாங்குகிறார்கள், விற்கிறார்கள். கோதுமையையும் பருத்தியையும் கச்சா எண்ணெயையும் கண்காணிக்க வைத்த பண்ட முன்பேர வணிக ஆணையத்தின் குடைக்குக் கீழேயே இது நடக்கிறது. அதே ஆட்டத்தின்மேல் லண்டனில் ஒருவர் பணம் வைத்தால் அது பந்தயம். அதைப் பார்த்துக்கொள்வது சூதாட்ட ஆணையம். ஒரே ஆட்டம், ஏறக்குறைய ஒரே விலை, இரண்டு பெயர்கள். இந்தப் பெயர் மாற்றத்தால் என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்பதுதான் இன்றைய பேச்சு.

முன்வரிசையில் இருக்கும் என் வயதுக்காரர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இ-ஸ்போர்ட்ஸ் என்பது பேரன் கைப்பேசியில் விளையாடுவதுதான்; ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு, பயிற்சியாளர் வைத்துக்கொண்டு, அரங்கம் நிறையக் கூட்டத்தின் முன் விளையாடுவது. 2021இல் புக்கரெஸ்ட் நகரில் நடந்த டோட்டா 2 உலகப் போட்டியின் பரிசுத் தொகை 4 கோடி டாலர். கிரிக்கெட்டுக்கும் இதற்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. கிரிக்கெட்டுக்குச் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. டோட்டாவும் கவுண்டர்-ஸ்ட்ரைக்கும் வால்வ் நிறுவனத்தின் சொத்து. லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ரயட் கேம்ஸின் சொத்து. பந்து எவ்வளவு எம்ப வேண்டும் என்பதை ஒரு நிறுவனம் அடுத்த மாதம் மாற்றி அமைக்கலாம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்க ஒப்பந்தம் நடக்கும் கணிப்புச் சந்தை, லண்டன் பந்தயம் நடக்கும் பெட்டிங் எக்ஸ்சேஞ்ச் என்ற இரண்டு சந்தைகளின் பிறப்பையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணிப்புச் சந்தையின் பிறந்த வீடு பல்கலைக்கழகம். 1988இல் மிச்சிகனில் ஜெஸ்ஸி ஜாக்சன் பெற்ற வெற்றியைக் கருத்துக்கணிப்புகள் கோட்டைவிட்டன. அதைப் பேசிக்கொண்டிருந்த அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், மக்கள் தங்கள் கணிப்பின்மேல் கொஞ்சம் பணத்தையும் வைத்தால் அந்த விலை இன்னும் நன்றாகக் கணிக்குமோ என்று சோதிக்க ஒரு சிறிய சந்தையைத் தொடங்கினார்கள். ஒருவர் 500 டாலருக்கு மேல் போட முடியாது. ஆராய்ச்சிதான் நோக்கம். பெட்டிங் எக்ஸ்சேஞ்சின் பிறந்த வீடு குதிரைப் பந்தயம். 2000ஆம் ஆண்டு ஆண்ட்ரூ பிளாக்கும் எட்வர்ட் ரேயும் லண்டனில் பெட்ஃபேரைத் திறந்தார்கள். யோசனை எளிமையானது: புக்கி எதற்கு? ஜெயிக்கும் என்பவனையும் ஜெயிக்காது என்பவனையும் நேரே மோதவிட்டு, நடுவில் கமிஷன் மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜெயிக்கும் என்று போடுவது ‘பேக்’. ஜெயிக்காது என்று போடுவது ‘லே’. அதுவரை லே போடும் உரிமை புக்கிக்கு மட்டுமே இருந்தது.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு என்றதும் பின்வரிசையில் சிலர் எழப் பார்க்கிறீர்கள். ஐந்து நிமிடம் பொறுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் ஓர் அணியின் ஆட்ஸ் 2.50 என்று வைத்துக்கொள்வோம். 100 டாலர் போட்டு அணி ஜெயித்தால், போட்ட பணத்தோடு சேர்த்து 250 கைக்கு வரும். கணிப்புச் சந்தையில் அதே அணியின் ‘ஆம்’ ஒப்பந்தம் 40 சென்ட். ஜெயித்தால் ஒப்பந்தத்துக்கு ஒரு டாலர், தோற்றால் பூஜ்யம். 100 டாலருக்கு 250 ஒப்பந்தம் வரும்; ஜெயித்தால் 250 டாலர். ஒன்றை இரண்டரையால் வகுத்தால் 0.40. ஒரு சந்தை விலையை நேராக எழுதுகிறது, மற்றது தலைகீழாக எழுதுகிறது. எக்ஸ்சேஞ்சில் இந்த அணியை லே செய்பவர் 150 டாலரை முடக்கி வைக்க வேண்டும். கணிப்புச் சந்தையில் 60 சென்ட் வீதம் 250 ‘இல்லை’ ஒப்பந்தம் வாங்குபவரும் அதே 150 டாலரைத்தான் கட்டுகிறார்.

கட்டணத்திலாவது வேறுபாடு இருக்குமே என்று நானும் தேடிப் பார்த்தேன். கிடைத்த விடை எனக்கே வேடிக்கையாக இருந்தது. எக்ஸ்சேஞ்ச் ஜெயித்தவரின் நிகர லாபத்தில் கமிஷன் பிடிக்கிறது. 5 சதவீதம் என்று கொள்வோம். 150 டாலர் லாபம் பார்த்தவர் ஏழரை டாலர் கொடுப்பார். தோற்றவர் ஒன்றும் கொடுக்க வேண்டாம். கால்ஷி என்ற அமெரிக்கக் கணிப்புச் சந்தை வேறு வழி வைத்திருக்கிறது. அதன் பொதுச் சூத்திரப்படி, விலையையும் ஒரு டாலரில் விலை போக மீதியையும் பெருக்கி, அதில் 7 சதவீதத்தை ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வசூலிக்கிறார்கள். நம் உதாரணத்தில் 0.40 பெருக்கல் 0.60, அதில் 7 சதவீதம், அதை 250 மடங்காக்கினால் 4 டாலர் 20 சென்ட். ஜெயித்தாலும் கட்ட வேண்டும், தோற்றாலும் கட்ட வேண்டும்.

பார்வைக்கு முற்றிலும் வேறு. ஆனால் எக்ஸ்சேஞ்சின் ஏழரை டாலரைச் சராசரி போட்டுப் பாருங்கள். ஜெயிக்கும் வாய்ப்பு 40 சதவீதம் என்றால் சராசரிக் கமிஷன் 3 டாலர். அந்த 3 டாலர் எப்படி வந்தது? 0.40 பெருக்கல் 0.60, அதில் 5 சதவீதம், 250 மடங்கு. அதே சூத்திரம்தான்! விலை 50 சென்ட்டில் இருக்கும்போது உச்சத்தைத் தொட்டு, இரண்டு ஓரங்களிலும் பூஜ்யத்தை நோக்கி இறங்கும் அதே வளைவு. லே போட்டவர் பக்கமிருந்து கணக்கிட்டாலும் அதுவே வரும். நிதிச்சந்தை நிபுணர்கள் வடித்த கட்டணமும் குதிரைப் பந்தயக்காரர்களின் கமிஷனும் ஒன்றையொன்று பார்த்துக் கண்ணடிக்கின்றன.

நடைமுறையில் ஒரு வேறுபாடு உண்டு. எக்ஸ்சேஞ்ச் கமிஷன் ஒரு சந்தை முழுவதற்கும் சேர்த்து, கடைசியில் நிகர லாபத்தின்மேல் ஒருமுறை விழுகிறது. ஒப்பந்தக் கட்டணம் ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் விழுகிறது. ஆட்டம் நடக்கும்போதே பத்து முறை வாங்கி விற்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆட்டம் நடக்கும்போது விலை எப்படி நடக்கும் என்பதற்கு 2018 ஜனவரி 28ஆம் தேதி பாஸ்டனில் நடந்த, கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் உச்சப் போட்டியான மேஜரின் இறுதி ஆட்டத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. ஒருபக்கம் ஃபேஸ் க்ளான்; நட்சத்திரங்கள் நிறைந்த அணி, எல்லாரும் ஜெயிக்கும் என்று சொன்ன அணி. மறுபக்கம் அமெரிக்காவின் க்ளவுட்9. அதுவரை வட அமெரிக்க அணி எதுவும் மேஜர் ஜெயித்ததில்லை. மேப் எனப்படும் ஆட்டக் களங்கள் மூன்றில் ஆளுக்கொன்று போய், கடைசி மேப் இன்ஃபெர்னோ. அன்றைய விதிப்படி முதலில் 16 சுற்று எடுப்பவருக்கு வெற்றி. ஃபேஸ் 15, க்ளவுட்9 11. ஃபேஸுக்கு இன்னும் ஒரே ஒரு சுற்று போதும்.

ஒவ்வொரு சுற்றும் நாணயம் சுண்டுவது போல என்று வைத்தால், க்ளவுட்9 தொடர்ந்து நான்கு சுற்று எடுக்க 16இல் ஒரு வாய்ப்பு. பிறகு கூடுதல் ஆட்டத்தில் பாதிக்குப் பாதி. ஆக 32இல் ஒன்று. நியாய விலை ஏறக்குறைய 3 சென்ட், ஆட்ஸ் 32. ஆனால் கவுண்டர்-ஸ்ட்ரைக் சுற்றுகள் நாணயம் இல்லை. அதற்குள் ஒரு பொருளாதாரமே ஓடுகிறது. சுற்றுக்குச் சுற்று பணம் கிடைக்கும். அதைக் கொண்டு துப்பாக்கி, கவசம், குண்டு வாங்க வேண்டும். சுற்றில் செத்தவரின் ஆயுதம் போய்விடும். ஒரு சுற்றைத் தோற்ற அணி அடுத்த சுற்றுக்கு வெறுங்கையோடு வர நேரலாம். எனவே ஒரு தோல்வி அடுத்த தோல்வியை இழுத்து வரும். 15-11 என்ற பலகையை மட்டும் பார்த்தவருக்கு 3 சென்ட் நியாயம். இரண்டு அணிகளின் பணப்பையையும் சேர்த்துப் பார்த்தவருக்கு அது மலிவாகவும் தெரியலாம், அதிகமாகவும் தெரியலாம். க்ளவுட்9 நான்கு சுற்றையும் எடுத்தது. இரட்டைக் கூடுதல் ஆட்டத்தில் 22-19 என்று கோப்பையையும் எடுத்தது.

சந்தை அறிவு என்று புகழ்கிறார்களே, அது இங்கே எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பணப்பையைப் படிக்கத் தெரிந்த சிலரிடம் இருக்கிறது. அதைவிட, முதலில் பார்ப்பவரிடம் இருக்கிறது. ஒளிபரப்பு எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். எதிரணி ஒளிபரப்பைப் பார்த்து ஏமாற்றக் கூடாது என்று வேண்டுமென்றே தாமதிப்பதும் உண்டு. ஆட்டத்தின் தரவு நேரடியாகக் கணினிக்கு வரும் ஒருவர், நீங்கள் படம் பார்த்துக் கைதட்டுவதற்கு முன்பே வாங்கி முடித்திருப்பார். எக்ஸ்சேஞ்சுகளுக்கு இது பழைய நோய். டென்னிஸ் மைதானத்தில் உட்கார்ந்துகொண்டு புள்ளி விழுந்த கணமே செய்தி அனுப்புகிறவர்களை அவை பல ஆண்டு பார்த்திருக்கின்றன. அதனால்தான் ஆட்டம் ஓடும்போது வரும் பந்தயத்தைச் சில விநாடி நிறுத்திவைத்து ஏற்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது.

இ-ஸ்போர்ட்ஸில் இதைவிட விசித்திரமான ஒன்று உண்டு. லீக் ஆஃப் லெஜண்ட்ஸில் ஆட்ட நடுவே மென்பொருள் கோளாறு வந்தால், நடுவர்கள் ஆட்டத்தைப் பின்னோக்கி உருட்டிக் கோளாறுக்கு முந்தைய கணத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். க்ரோனோபிரேக் என்று பெயர். கவுண்டர்-ஸ்ட்ரைக்கிலும் ஒரு சுற்றை மீட்டெடுத்து மறுபடி ஆடலாம். லீக் ஆட்டத்தில் செத்த டிராகன் உயிர்த்தெழுகிறது. ஆனால் டிராகன் செத்ததைப் பார்த்து 70 சென்ட்டுக்கு ஒருவர் வாங்கினாரே, அவருடைய பணம் பின்னோக்கி உருளாது. காலம் திரும்பி ஓடும் விளையாட்டுக்கு, நேராக மட்டுமே ஓடும் சந்தை. உலகின் எந்தக் குதிரையும் இப்படிப் புக்கியைச் சோதித்ததில்லை.

இனி இரண்டும் பிரியும் இடத்துக்கு வருகிறேன். அது விலையில் இல்லை, விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. ஆட்டம் நடக்காமலே போனால் என்ன?

பந்தய உலகின் பழைய பதில், பந்தயம் செல்லாது, பணம் வாபஸ். எக்ஸ்சேஞ்ச் அந்த மரபில் வந்தது. கணிப்புச் சந்தையில் ஒப்பந்தம் ஏற்கெனவே பல கை மாறியிருக்கும். யார் என்ன விலைக்கு வாங்கினார் என்று தேடித் தேடித் திருப்பிக் கொடுப்பது அதன் இயல்பில் இல்லை. ஆகவே பாலிமார்க்கெட் என்ற இன்னொரு கணிப்புச் சந்தையின் விளையாட்டுச் சந்தைகளில் அடிக்கடி காணும் விதி, ஆட்டம் முற்றாக ரத்தானால் இரு பக்கத்துக்கும் 50-50 என்று தீர்ப்பது. சமமாகப் பிரிப்பது நியாயம் போலத் தெரிகிறது இல்லையா? பலமான அணியை 80 சென்ட்டுக்கு வாங்கியவர் 50 பெறுகிறார், 30 போச்சு. எதிரணியை 20க்கு வாங்கியவர் 50 பெறுகிறார். ஆடாமலே 30 லாபம். எக்ஸ்சேஞ்சில் இருவருமே போட்டதைத் திரும்பப் பெற்று வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

இதன் பொருள் என்ன? விசா கிடைக்காமல் ஓர் அணி விமான நிலையத்தில் நிற்கிறது என்பதையும், அதனால் ஆட்டமே நடக்காது என்பதையும் முன்கூட்டி அறிந்த ஒருவர், கணிப்புச் சந்தையில் பலவீனமான அணியை வாங்கிவைத்தால் போதும். யார் திறமைசாலி என்று அவர் யோசிக்கவே வேண்டாம். விலை ‘இந்த அணி ஜெயிக்கும் வாய்ப்பு’ என்று பலகையில் எழுதியிருக்கும். உள்ளே ‘ஆட்டம் நடக்கும் வாய்ப்பு’ கலந்திருக்கும். விசாச் சிக்கல், வீரர் மாற்றம், இணையத் தாக்குதல் எல்லாம் மலிந்த துறையில் இந்தக் கலப்பு சிறிய கலப்பு இல்லை. இரண்டு சந்தைகளின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும் ஆய்வு மாணவர்கள் முதலில் படிக்க வேண்டியது இந்த விதியைத்தான்.

தீர்ப்பு சொல்வது யார் என்பது அடுத்த கேள்வி. எக்ஸ்சேஞ்சில் நிறுவனமே தீர்ப்பளிக்கும். பிடிக்காவிட்டால், உரிம விதிப்படி, தனி நடுவர் அமைப்பிடம் முறையிடலாம். பாலிமார்க்கெட்டின் பல சந்தைகளில், முடிவில் தகராறு வந்தால் யூமா என்ற டோக்கனை வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். 2025 ஜூனில் நேட்டோ மாநாட்டுக்கு வந்த உக்ரைன் அதிபர் செலென்ஸ்கி அணிந்திருந்தது கோட்-சூட்டா இல்லையா என்று பெரிய தகராறு நடந்தது. 20 கோடி டாலருக்கு மேல் புரண்ட சந்தை அது. ஊடகங்கள் பலவும் சூட் என்று எழுதின; சந்தையின் தீர்ப்பு ‘இல்லை’. ஒரு தையற்காரரை அழைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இ-ஸ்போர்ட்ஸில் பெரும்பாலும் பலகையே தீர்ப்புச் சொல்லிவிடும், உண்மைதான். ஆனால் 2020 செப்டம்பரில் இ-ஸ்போர்ட்ஸ் நேர்மை ஆணையம் 37 கவுண்டர்-ஸ்ட்ரைக் பயிற்சியாளர்களைத் தண்டித்தது. ஆட்டத்தில் இருந்த ஒரு பிழையைக் கொண்டு, பயிற்சியாளர் எதிரணி நடமாட்டத்தை மேலிருந்து பார்க்க முடிந்திருக்கிறது. அதைச் சொல்லாமல் மறைத்தார்கள். அந்த ஆட்டங்களின் பந்தயங்கள் எப்போதோ தீர்ந்து, பணம் எப்போதோ செலவாகியிருந்தன. பழைய கணக்கைத் திறப்பது இரண்டு சந்தைகளிலும் அத்தனை எளிதில்லை.

இந்த இடத்தில் களவைப் பற்றிப் பேசியாக வேண்டும். பெட்ஃபேர் வந்த புதிதில் புக்கிகளும் பந்தயக்காரர்களும் எழுப்பிய பெரிய கூக்குரல், ‘குதிரை தோற்கும் என்று யார் வேண்டுமானாலும் பணம் போடலாம் என்றால், தோற்க வைப்பார்களே!’ என்பது. 12 குதிரை ஓடும் பந்தயத்தில் நியாயமான அச்சம். இரண்டு அணி மோதும் ஆட்டத்தில் இதற்குப் பொருளே இல்லை. இந்த அணியை லே செய்வதும் அந்த அணியை பேக் செய்வதும் ஒன்றே. அதற்குச் சாட்சி 2013இல் ஒரு டோட்டா 2 ஆட்டம். சோலோ என்ற ஆட்டப் பெயர் கொண்ட ரஷ்ய வீரர் அலெக்செய் பெரெசின் தன் அணிக்கு எதிராகத் தானே 100 டாலர் போட்டார். எக்ஸ்சேஞ்ச் எதுவும் தேவைப்படவில்லை. அணி தோற்றால் கிடைக்க வேண்டிய தொகை 322 டாலர். பிடிபட்டார், ஆயுள் தடை விதித்து, பிறகு ஓராண்டாகக் குறைத்தார்கள். அவர் திரும்பி வந்து பெரிய அணிக்குத் தலைவரும் ஆனார். ஆனால் அந்த எண் அவரை விடவில்லை, டோட்டாவையும் விடவில்லை. எந்த வீரர் மோசமாக ஆடினாலும் ரசிகர்கள் ‘322’ என்று தட்டுகிறார்கள். ஒரு பந்தயச் சீட்டின் தொகை ஒரு மொழியில் வசைச்சொல்லாகப் புகுந்தது வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்த ஆண்டு, 2014 ஆகஸ்டில், அமெரிக்காவின் ஐபைபவர் என்ற வலுவான கவுண்டர்-ஸ்ட்ரைக் அணி ஒரு சின்ன அணியிடம் படுதோல்வி அடைந்தது. அப்போது பந்தயம் பணத்தில் இல்லை. ஆட்டத் துப்பாக்கிகளுக்கு வண்ணம் பூசும் ‘ஸ்கின்’களில் நடந்தது. மாற்றுக் கணக்குகளில் ஸ்கின்கள் குவிந்திருந்தது தெரிய வந்ததும், 2015 ஜனவரியில் வால்வ் ஏழு பேரைத் தடைசெய்தது. தென்கொரியாவில் லைஃப் என்ற பெயரில் ஆடிய ஸ்டார்கிராஃப்ட் சாம்பியன் இரண்டு ஆட்டங்களை விட்டுக்கொடுக்க 7 கோடி வோன் வாங்கி, 2016இல் கைதானார். இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை: ஆட்டத்தைத் திருப்ப மிகச் சிலர் போதும், அவர்கள் இளைஞர்கள், சின்ன ஆட்டங்களில் கிடைக்கும் பரிசைவிடப் பந்தயத்தில் புரள்வது அதிகம்.

இதைக் கண்காணிப்பதில் எக்ஸ்சேஞ்ச் ஒரு படி மேல் என்பது என் கருத்து. காரணம் அது நல்லவர்கள் நடத்துவது என்பதல்ல. தன்னைப் பந்தயம் என்று ஒப்புக்கொண்டதால் அதன்மேல் பந்தயச் சட்டம் முழுதாக விழுந்தது. 2003லேயே பெட்ஃபேர் பிரிட்டனின் ஜாக்கி கிளப்போடு, சந்தேகத்துக்குரிய பந்தயக்காரர்களின் தகவலைத் தர ஒப்பந்தம் போட்டது. 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம் பந்தயத்தில் ஏமாற்றுவதைத் தனிக் குற்றமாக்கியது. 2007 ஆகஸ்ட் 2ஆம் தேதி போலந்தின் சோபோட் நகரில் டென்னிஸ் வீரர் டவிடென்கோ, தரவரிசையில் மிகவும் கீழே இருந்த வசாலோ அர்கேயோவுக்கு எதிராக முதல் செட்டை ஜெயித்த பிறகும் பணம் அர்கேயோ பக்கமே குவிந்தது. டவிடென்கோ காயம் என்று விலகினார். பெட்ஃபேர் அந்தச் சந்தையின் பந்தயங்கள் அத்தனையையும் ரத்து செய்தது. ஓராண்டு விசாரணைக்குப் பின் இரண்டு வீரர்களும் குற்றமற்றவர்கள் என்று முடிந்தது. அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விலை சந்தேகப்படலாம், தீர்ப்புச் சொல்ல அதற்குத் தகுதி இல்லை.

முன்பேரச் சட்டத்தின் பிறவிக் குணம் வேறு. தன் வயலில் விளைச்சல் எப்படி என்று விவசாயிக்குத் தெரியும். அந்த அறிவோடு அவர் சந்தைக்கு வர வேண்டும் என்பதுதான் அந்தச் சந்தையின் நோக்கமே. உள்தகவலோடு வருவது அங்கே இயல்பு. 2011இல்தான், நம்பிக்கைத் துரோகம் செய்து எடுத்த தகவலைக் கொண்டு வணிகம் செய்யக் கூடாது என்று விதி வந்தது. இப்போது ஒரு கவுண்டர்-ஸ்ட்ரைக் வீரரை நினைத்துப் பாருங்கள். மணிக்கட்டு வலி அவருக்கு மட்டுமே தெரியும். அது அவருடைய சொந்த வலி, யாரிடமும் திருடியதில்லை. விவசாயியின் தர்க்கப்படி அவர் தாராளமாக விற்கலாம். விளையாட்டின் தர்க்கப்படி அது 322. இந்த ஓட்டையை அடைக்கக் கணிப்புச் சந்தைகள் தங்கள் சொந்த விதிகளில் வீரர்களையும் அணியினரையும் விலக்குகின்றன. சட்டம் தராத கதவை வீட்டுக்காரரே மாட்டிக்கொள்கிறார். பூட்டு எவ்வளவு வலுவானது என்பது அவரைப் பொறுத்தது.

இன்னும் அடிப்படையான ஒரு கேள்வி. முன்பேரச் சந்தை இருப்பதற்குச் சமூகம் ஒப்புக்கொண்ட காரணம் இரண்டு. ஒன்று, ஆபத்தைக் கைமாற்றுவது. விலை விழுந்தால் விவசாயிக்கு நஷ்டம், ஏறினால் ஓட்டல்காரருக்கு நஷ்டம். இருவரும் கைகுலுக்கினால் இருவரும் தூங்கலாம். இரண்டாவது, எல்லாருக்கும் பயன்படும் விலையைக் கண்டுபிடிப்பது. தேர்தலுக்கும் புயலுக்கும் இந்தக் காரணங்கள் ஓரளவு பொருந்தும் என்று நானும் ஏற்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை பின்னிரவில் இரண்டாம் தர அணிகள் இரண்டு மோதும் ஆட்டத்தின் முடிவால் தூக்கம் கெடுகிறவர் யார்? அந்த அணிகளின் முதலாளிகளும் விளம்பரதாரர்களும் இருக்கலாம். அவர்கள் அந்தச் சந்தையில் நின்று தங்கள் அணிக்கு எதிராக வாங்கினால் அதற்கு நாம் வைக்கும் பெயர் ஆபத்துக் காப்பு இல்லை. ஆபத்து உண்மையாக இருக்கும் ஒரே தரப்பை வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டிய சந்தை, எதைக் கைமாற்றுகிறது?

விலை தரும் அறிவும் மெல்லியதே. 2022 நவம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில், தகுதிச்சுற்றிலிருந்து ஏறி வந்த டிஆர்எக்ஸ் அணி டி1 அணியை 3-2 என்று வீழ்த்தி லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகக் கோப்பையை எடுத்தது. அப்படிப்பட்ட பெரிய ஆட்டத்துக்கு ஆயிரக்கணக்கான கண்கள் இருக்கும். விலையும் பொருளுள்ளதாக இருக்கும். சின்ன ஆட்டத்திலோ வாங்க ஒருவர், விற்க ஒருவர், நடுவில் அகலமான பள்ளம். பயிற்சி ஆட்டத்தில் நடந்ததை அறிந்தவர்கள் 10 பேர். பேட்ச் எனப்படும் அடுத்த மென்பொருள் மாற்றத்தில் எந்தத் துப்பாக்கியின் பலம் குறையும் என்பதை அறிந்தவர்கள் ஆட்டத்தின் சொந்தக்காரருடைய அலுவலகத்தில். அங்கே விலை அசைந்தால் கூட்டத்தின் ஞானம் என்று நான் எழுதமாட்டேன். யாருக்கோ ஏதோ தெரிந்திருக்கிறது என்று எழுதுவேன்.

வயதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் விளையாட்டுப் பந்தயத்துக்கு 21 வயது ஆக வேண்டும். கணிப்புச் சந்தையில் 18 போதும். ரசிகர்களில் கல்லூரி வயதினர் நிறைந்த விளையாட்டுக்கு அந்த மூன்று ஆண்டுகள் வெறும் எண் இல்லை. மாநிலங்களும் சும்மா இருக்கவில்லை. 2025 ஜனவரியில் கால்ஷி விளையாட்டு ஒப்பந்தங்களைத் தொடங்கிய பின் நெவாடாவும் நியூஜெர்சியும் நிறுத்தச் சொல்லிக் கடிதம் எழுதின. நிறுவனம் நீதிமன்றம் போனது. இது பந்தயம் என்கின்றன மாநிலங்கள். இது மத்திய ஆணையத்தின் கீழ் வரும் நிதி ஒப்பந்தம் என்கிறது நிறுவனம்.

நம் ஊர்ப் பக்கம் இந்த வழக்காடலுக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. 1996இல் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது, ஆகவே சூது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்றிலிருந்து ரம்மியும் போக்கரும் கற்பனை கிரிக்கெட்டும், பின்னர் ‘ஒபினியன் டிரேடிங்’ என்ற பெயரில் வந்த நம் கணிப்புச் செயலிகளும் ‘திறமை’ என்ற ஒரே குடைக்குள் ஒதுங்கப் பார்த்தன. அந்தச் செயலிகள் பங்குச்சந்தைப் பாதுகாப்பு எதற்குள்ளும் வராதவை என்று 2025 ஏப்ரலில் செபி எச்சரித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டுமோ, பணம் கட்டிப் பணத்தை எதிர்பார்க்கும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடை என்று அது எழுதிவிட்டது. குடை மடங்கியது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை முறையான விளையாட்டாக ஏற்று, பரிசுப் பணத்தையும் அனுமதித்து, பந்தயத்தை மட்டும் வெளியே நிறுத்துகிறது. எக்ஸ்சேஞ்சா கணிப்புச் சந்தையா என்ற கேள்வியே இங்கே எழாதபடி இரண்டுக்கும் ஒரே கதவு, ஒரே பூட்டு.

இதைக் கேட்டு மாணவர்கள் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. கூட்டம் தொடங்குமுன் ஒரு தம்பி என்னிடம், “சார், படிப்புக்காக விலையை மட்டும் பார்க்கலாமா, பணம் போடாமல்?” என்று கேட்டார். தாராளமாகப் பார்க்கலாம். ஒரே ஆட்டத்துக்கு 2.50 என்பதையும் 40 சென்ட் என்பதையும் எதிரெதிரே எழுதிவையுங்கள். இரண்டும் பொருந்தாத நாளில், பலமான அணி என்ன ஆயிற்று என்று தேடுவதற்கு முன், ஆட்டம் ரத்தானால் என்ன என்ற விதியைத் திறந்து பாருங்கள். நிகழ்ச்சி நிரலில் கேள்வி நேரம் இருபது நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். நான் ஏற்கெனவே அதில் பாதியைத் தின்றுவிட்டேன். கேளுங்கள்.